ஹாஃப் பிபிஆர், 12 டீம், 9-வது பிக்: டைட் எண்ட் எந்த ரவுண்டுல எடுக்கிறது?

தயிர்சாதம்_டாலஸ்
2025 ஆகஸ்ட் 28, வியாழன்

எல்லாருக்கும் வணக்கம். என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால்) ஃபேன்டஸி, ஆபீஸ் லீக், 12 டீம், ஹாஃப் பிபிஆர் (ஒரு கேட்சுக்கு அரை பாயிண்ட்), ஸ்னேக் டிராஃப்ட் (ஒவ்வொரு ரவுண்டும் எடுக்கற வரிசை தலைகீழா திரும்பும்). திங்கட்கிழமை லேபர் டே அன்னிக்கு சாயந்தரம் டிராஃப்ட், எனக்கு விழுந்தது 9-வது பிக். அதாவது 9, 16, 33, 40, 57, 64 இப்படி வரும். ஒரு டைட் எண்ட் கட்டாயம் இறக்கணும், ஃப்ளெக்ஸ் (ஓடறவர், பிடிக்கறவர் யாரையும் போடற இடம்) ஒண்ணு, பெஞ்ச் 6.

என் கதைய சுருக்கமா சொல்லிடறேன். 2023-ல தான் லீக்ல சேர்ந்தேன், ஒண்ணும் தெரியாது, டீம் லீட் "கெல்சி இருந்தா யோசிக்காத"ன்னு சொன்னாரு, முதல் ரவுண்டுலயே ட்ராவிஸ் கெல்சிய எடுத்தேன். அந்த வருஷம் சீசனோட முதல் மேட்ச்சே முட்டியில அடிபட்டு ஆடல, கடைசில 984 யார்டு, 5 டச்டவுன். சரி பாடம் கத்துக்கிட்டோம், இனிமே வயசானவர் வேணாம், சின்னப் பையனா பாப்போம்னு போன வருஷம் மூணாவது ரவுண்டுல சாம் லபோர்ட்டா. அவரு அதுக்கு முந்தின வருஷம் ரூக்கியா (முதல் சீசன்லயே) 86 கேட்ச், 889 யார்டு, 10 டச்டவுன் பண்ணவரு. என் டீமுக்கு வந்ததும் 60 கேட்ச், 726 யார்டு, 7 டச்டவுன். என் கை பட்டா டைட் எண்ட் வாடிப் போயிடறான்னு ஆபீஸ்ல பேரே வச்சிட்டாங்க.

இந்த வருஷம் 16-வது பிக்ல ப்ராக் பவர்ஸ் இருப்பார்னு தோணுது. எடுக்கலாமா, இல்ல 33 / 40-ல கிட்டில் வருவாரான்னு காத்திருக்கலாமா, இல்ல இந்த பொசிஷனையே மறந்துட்டு கடைசில எதையாவது பொறுக்கிக்கலாமா? எங்க லீக்ல ஒருத்தங்க வேற செவ்வாய்க்கிழமை கெல்சி - டெய்லர் ஸ்விஃப்ட் நிச்சயதார்த்த நியூஸ் வந்ததுலேருந்து "கெல்சி எனக்குத்தான், மூணாவது ரவுண்டுலயே எடுப்பேன்"னு சொல்லிட்டு திரியறாங்க, அதனால அந்தப் பக்கம் போற வேலை இல்ல.

---

வேவர்_வைத்தி

தம்பி, உங்க பிரச்னை டைட் எண்ட் இல்ல. ரெண்டு வருஷமும் நீங்க போன வருஷத்துக் கணக்குக்கு இந்த வருஷம் காசு கட்டியிருக்கீங்க. இப்ப பவர்ஸ்னு கேக்கறதும் அதே தான்.

கணக்கு போட்டு காட்டறேன், உங்க லீக் ஸ்கோரிங்லயே. கேட்சுக்கு அரை, 10 யார்டுக்கு ஒண்ணு, டச்டவுனுக்கு 6. ஓடினது, ஃபம்பிள் இதெல்லாம் விட்டுட்டேன், பாஸ் பிடிச்சது மட்டும்.

2024-ல பவர்ஸ் 112 கேட்ச், 1,194 யார்டு, 5 டச்டவுன். மொத்தம் 205 சொச்சம், 17 மேட்ச், ஒரு மேட்ச்சுக்கு 12.1. கிட்டில் 78 கேட்ச், 1,106 யார்டு, 8 டச்டவுன், ஆனா ஆடினது 15 மேட்ச்தான், மேட்ச்சுக்கு 13.2. திரும்பப் படிங்க. 112 கேட்ச் பிடிச்சவர விட 78 பிடிச்சவரு மேட்ச்சுக்கு ஒரு பாயிண்ட் அதிகம். ஃபுல் பிபிஆர்லகூட கிட்டில்தான் கொஞ்சம் மேல (15.8, பவர்ஸ் 15.4). நெட்ல வர்ற ரேங்கிங்ல பாதி ஃபுல் பிபிஆருக்கு போட்டது, அத அப்படியே எடுத்துட்டு ஹாஃப் லீக்குக்கு வந்து உக்காந்தா இப்படித்தான் ஏமாறணும்.

மெக்பிரைட் 111 கேட்ச், 1,146 யார்டு, ஆனா பிடிச்ச டச்டவுன் ரெண்டே ரெண்டு, அதுவும் டிசம்பர் கடைசி வரைக்கும் ஒண்ணுகூட இல்ல. அவருக்கு 11.4. அப்புறம் ஜோனு ஸ்மித், வேவர்ல (டிராஃப்ட்ல யாரும் எடுக்காதவங்க லிஸ்ட்) சும்மா கிடந்த ஆளு, 10.6. ஆண்ட்ரூஸ் 9.5, கெல்சி 9.3, நீங்க திட்டற லபோர்ட்டா 9.0.

இப்ப பாருங்க, பவர்ஸுக்கும் லபோர்ட்டாவுக்கும் நடுவுல 3 பாயிண்ட். ஒருத்தர் ரெண்டாவது ரவுண்டு விலை, இன்னொருத்தர் இந்த வருஷம் அஞ்சு ஆறாவது ரவுண்டு. அந்த 3 பாயிண்டுக்காக 16-வது பிக்ல ஒரு நல்ல ரன்னிங் பேக்க விட்டுட்டு, 57-ல ஒரு அரைகுறை ரன்னிங் பேக்க எடுத்தீங்கன்னா அங்க எத்தனை பாயிண்ட் போகும்னு நீங்களே சொல்லுங்க.

டைட் எண்ட முன்னாடியே எடுத்தது எப்ப பலிச்சுதுன்னா 2022 கெல்சி. 110 கேட்ச், 1,338 யார்டு, 12 டச்டவுன். ஹாஃப்ல மேட்ச்சுக்கு 15.3. அந்த வருஷம் ஹாக்கின்சன் நல்லா ஆடினாருன்னு எல்லாரும் சொன்னாங்க, அவருக்கு 10. அஞ்சு பாயிண்ட் இடைவெளி, வாரா வாரம். எதிராளி எப்பவும் ஒரு ஆள் கம்மியா ஆடற மாதிரி. அது மாதிரி ஒருத்தர் இருந்தா முதல் ரவுண்டே குடுக்கலாம். 2024-ல அப்படி யாரும் இல்ல, மூணு பேர் பக்கத்துல பக்கத்துல நின்னாங்க.

---

நாச்சியார்_நியூஜெர்சி

வைத்தி அண்ணா கணக்கு சரி, ஆனா அவரே "போன வருஷத்துக் கணக்குக்குக் காசு கட்டாதே"ன்னு சொல்லிட்டு அவரும் போன வருஷத்துக் கணக்கதானே போட்டிருக்காரு :)

பவர்ஸ் அந்த 112 கேட்ச் எப்படி பிடிச்சாருன்னு பாருங்க. ரூக்கி. எந்த பொசிஷன்லயும் எந்த ரூக்கியும் அவ்ளோ பிடிச்சதில்ல, அதுக்கு முந்தின வருஷம்தான் புக்கா நக்குவா 105 பிடிச்சு ரெக்கார்டு வச்சிருந்தாரு. ரூக்கி டைட் எண்ட் யார்டு ரெக்கார்டு மைக் டிட்கா 1961-ல வச்சது, 1,076, அது 60 வருஷத்துக்கு மேல நின்னுது, அதையும் தாண்டினாரு. இதெல்லாம் யார் எறிஞ்சு? மின்ஷ்யூ கொஞ்ச நாள், ஓ'கானல் கொஞ்ச நாள், ரிட்டர் கொஞ்ச நாள். நடுவுல அக்டோபர்ல அவரோட டீம் ரெய்டர்ஸ், ரிசீவர் டவான்டே ஆடம்ஸ ஜெட்ஸுக்கு அனுப்பிட்டாங்க, எதிர் டீம் மொத்தமும் இவர் ஒருத்தரையே பாத்துட்டு நிக்குது, அப்பவும் பிடிக்கறாரு. இப்ப குவார்ட்டர்பேக்கா ஜீனோ ஸ்மித் வந்திருக்காரு, பீட் கேரோல் கோச். டச்டவுன் 5 தான் இருந்துது, அந்த டீமே ஸ்கோர் பண்ணல அதனால. அது 8, 9 ஆச்சுன்னா நீங்க சொல்ற 2022 கெல்சி பக்கத்துல வந்து நிப்பாரு. நான் ஏறும்போது வாங்கறேன், நீங்க ஏறினப்புறம் வாங்கறீங்க, அவ்ளோதான் வித்தியாசம்.

இன்னொண்ணு, 16-வது பிக்ல "நல்ல ரன்னிங் பேக்"னு சொல்றீங்களே, ரெண்டாவது ரவுண்டு ரன்னிங் பேக் எத்தனை பேர் 17 மேட்ச்சும் ஆடறாங்க? என் டீம்ல ஆடினதே இல்ல. அக்டோபர் வந்தா என் ரன்னிங் பேக் எல்லாம் எம்ஆர்ஐ எடுக்கப் போயிடுவாங்க.

ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன், உங்களுது ஹாஃப். ஃபுல் பிபிஆரா இருந்தா கண்ண மூடிட்டு எடுங்கன்னு சொல்லியிருப்பேன். டைட் எண்டுக்கு மட்டும் ஒன்றரை குடுக்கற லீக்னா முதல் ரவுண்டுலயே. ஹாஃப்ல 16... எடுப்பேன், ஆனா உங்கள எடுங்கன்னு சொல்ல மாட்டேன்.

---

புதுசா_வந்தவன்

மன்னிக்கணும், நடுவுல வர்றேன். டைட் எண்ட்னா என்ன பொசிஷன் அது? மனைவியோட ஆபீஸ் லீக்ல ஆள் குறையுதுன்னு என்னையும் சேர்த்துட்டாங்க. குவார்ட்டர்பேக் தெரியும், ஓடறவன் தெரியும், தூரமா போய் பிடிக்கறவன் தெரியும். இவன் யாரு?

---

வேவர்_வைத்தி

ஃபேன்டஸி கிரிக்கெட்ல டீம் போட்டிருப்பீங்கல்ல, அதுல விக்கெட் கீப்பர் ஸ்லாட் மாதிரி நெனச்சுக்கோங்க. கட்டாயம் ஒருத்தன போடணும். ஆனா கீப்பரோட வேலைல பாதி பாயிண்ட் வராத வேலை. நல்லா பேட் பண்ற கீப்பர் ரெண்டு மூணு பேர்தான், மத்தவன் எல்லாம் எட்டாவதா இறங்கி நாலு ரன் அடிச்சிட்டு போவான்.

டைட் எண்ட் அதே கதை. லைன்ல கடைசி ஆளா, டேக்கிளுக்குப் பக்கத்துல ஒட்டி நிப்பான், பேர்லயே இருக்கு. பாதி நேரம் முட்டித் தள்ளி பிளாக் பண்ணுவான், மீதி நேரம் ஓடிப் போய் பாஸ் பிடிப்பான். பிளாக் பண்ணதுக்கு நமக்கு சல்லிக் காசு பாயிண்ட் கிடையாது. அதனால ஒருத்தன் மைதானத்துல எவ்ளோ நேரம் நின்னான்னு பாக்காதீங்க, எத்தனை தடவ பாஸ் பிடிக்க ரூட் ஓடினான், எத்தனை தடவ அவன் பக்கம் எறிஞ்சாங்க, அத மட்டும் பாருங்க. 32 டீம்லயும் டைட் எண்ட் இருக்கான், முதல் ரெண்டு ஆப்ஷன்ல ஒருத்தனா இருக்கற டைட் எண்ட் ஒரு கைல எண்ணிடலாம்.

ஒரு வேடிக்கை, இந்த பொசிஷன்ல பெரிய ஆளுங்க நிறைய பேர் பாஸ்கெட்பால்லேருந்து வந்தவங்க. ஆன்டோனியோ கேட்ஸ் காலேஜ்ல ஆடினதே பாஸ்கெட்பால்தான், என்எஃப்எல் டிராஃப்ட்ல ஒருத்தரும் எடுக்கல, கடைசில 116 டச்டவுன், டைட் எண்ட்ல யாரும் அத தாண்டல, இந்த வருஷம் ஹால் ஆஃப் ஃபேம்ல வச்சாங்க. டோனி கொன்சாலெஸ், ஜிம்மி கிரஹாம் அவங்களும் அதே வழி. ரீபவுண்டுக்கு எகிறி எகிறி பழகினவனுக்கு எண்ட் ஸோன்ல நாலு பேர் நடுவுல பால் பிடிக்கறது என்ன பெரிய விஷயம்.

---

மதுரைக்காரன்_மினசோட்டா

யாரோ ஹாக்கின்சன் பேர சொன்னீங்களே. 2023-ல 95 கேட்ச் பிடிச்சுட்டு கிறிஸ்துமஸ் சமயத்துல முட்டி போச்சு, எனக்கு அன்னிக்கு செமி ஃபைனல். போன வருஷம் நவம்பர்ல திரும்ப வந்தாரு, 41 கேட்ச், டச்டவுன் பூஜ்யம். பூஜ்யம்ங்க. ஆனா முட்டி சரியாகி முதல் முழு ஆஃப் சீசன் இது, ரிசீவர் அடிசன் வேற முதல் 3 மேட்ச் சஸ்பென்ஷன், புது குவார்ட்டர்பேக் பையன் பயந்தா பக்கத்துல இருக்கற டைட் எண்ட தான் தேடுவான். 64-ல கிடைச்சா எடுங்க. வைக்கிங்ஸ் ரசிகனா இருக்கறதால சொல்றேன்னு நெனைக்காதீங்க, வைக்கிங்ஸ் ரசிகனா இருக்கறதால தான் யாரையும் நம்பறதில்ல.

---

தயிர்சாதம்_டாலஸ்

நாச்சியார் அக்கா, வைத்தி அண்ணே ரெண்டு பேருக்கும் நன்றி, இப்ப முன்னவிட அதிகமா குழம்பியிருக்கேன்.

கிட்டில் பத்தி சொல்லுங்க. மேட்ச்சுக்கு 13.2-ன்னா எல்லாரையும் விட மேல, ஆனா பவர்ஸ் ரெண்டாவது ரவுண்டு, மெக்பிரைட் மூணு, கிட்டில் நாலாவது ரவுண்டுன்னு சொல்றாங்க. ஏன் இவருக்கு மட்டும் தள்ளுபடி?

---

வேவர்_வைத்தி

வயசு. அக்டோபர்ல 32 ஆகுது. அப்புறம் வருஷத்துக்கு ரெண்டு மேட்ச் எப்படியும் உக்காருவாரு, அவர் ஆடற முரட்டுத்தனம் அப்படி. இவருக்கு பால் பிடிக்கறதவிட ஆள பிளாக் பண்ணி கீழ தள்ளறதுதான் சந்தோஷம், அத பாக்க நல்லா இருக்கும், உங்களுக்கு பாயிண்ட் வராது. சில வாரம் ரெண்டு கேட்ச், 20 யார்டுன்னு வந்து நிப்பாரு, அடுத்த வாரம் 150 யார்டு.

ஆனா இந்த வருஷம் நான் அவர் பக்கம். அவர் டீம் ரிசீவர் டீபோ சாமுவேல வாஷிங்டனுக்கு அனுப்பிட்டாங்க, இன்னொரு ரிசீவர் ஐயுக் போன அக்டோபர்ல முட்டி கிழிஞ்சு இன்னும் திரும்பல. இவர் பக்கம் எறியாம வேற யார் பக்கம் எறிவாங்க? 40-ல கிடைச்சா யோசிக்காதீங்க, 33-ல எடுத்தாகூட நான் திட்ட மாட்டேன்.

ஒரு சிக்கல் இருக்கு, யாரும் சொல்ல மாட்டாங்க. கிட்டில் ஆடற நைனர்ஸுக்கு பை வீக் (மேட்ச் இல்லாத வாரம்) 14. பெரும்பாலான லீக்ல ப்ளேஆஃபுக்கு முந்தின கடைசி வாரம் அதுதான். உள்ள போவமா வெளிய போவமான்னு தொங்கிட்டு இருக்கற வாரத்துல உங்க டைட் எண்ட் வீட்ல டிவி பாத்துட்டு இருப்பாரு.

---

பெஞ்ச்_பாண்டியன்

நான் 7 வருஷமா டைட் எண்ட 8-வது ரவுண்டுக்கு முன்னாடி எடுத்ததே இல்ல. எடுத்த ஒரே தடவ 2022, கைல் பிட்ஸ், மூணாவது ரவுண்டு. என்எஃப்எல் டிராஃப்ட் வரலாற்றுலயே டைட் எண்டுக்கு அதுதான் உச்சம், 2021-ல 4-வது பிக். ரூக்கி வருஷமே 1,026 யார்டு. டச்டவுன் ஒண்ணுதான், சரி அது கூடும்னு எல்லா எக்ஸ்பர்ட்டும் சொன்னான் (நாச்சியார் அக்கா, நீங்க பவர்ஸுக்கு சொன்ன அதே வாதம், கவனிங்க). அடுத்த வருஷம் 28 கேட்ச், 356 யார்டு. அன்னிக்கு சத்தியம் பண்ணேன்.

அதுக்கப்புறம் என் முறை இது. கடைசி ரவுண்டுகள்ல ரெண்டு பேர எடுப்பேன், ரெண்டு பேரும் வேற வேற மாதிரி ஆளா இருக்கணும். ஒருத்தன் சுமாரா ஆனா நிச்சயமா வாரம் 7, 8 பாயிண்ட் குடுக்கறவன். இன்னொருத்தன் லாட்டரி சீட்டு. மூணு வாரம் பாப்பேன், லாட்டரி அடிச்சா வச்சுக்குவேன், அடிக்கலேன்னா தூக்கிப் போட்டுட்டு வேவர்ல அடுத்த சீட்டு. 2023-ல லபோர்ட்டாவ எனக்கு குடுத்தது இந்த முறைதான், அதே லபோர்ட்டாவதான் அடுத்த வருஷம் தயிர்சாதம் மூணாவது ரவுண்டுல எடுத்திருக்காரு பாருங்க. போன வருஷம் ஜோனு ஸ்மித்த ஒருத்தரும் டிராஃப்ட்லயே எடுக்கல எங்க லீக்ல, 88 கேட்ச், 8 டச்டவுன்.

இந்த வருஷம் என் லிஸ்ட்: டக்கர் கிராஃப்ட், க்ரீன் பே. போன வருஷம் 50 கேட்ச்ல 707 யார்டு, 7 டச்டவுன், பால் கைக்கு வந்தப்புறம் ரெண்டு பேர் மேல ஏறி மிதிச்சிட்டு ஓடறவன். குறை என்னன்னா க்ரீன் பேல பால் பிடிக்கறவன் ஊர்பட்ட பேர் இருக்கான், என்எஃப்எல் டிராஃப்ட் முதல் ரவுண்டுல இன்னொருத்தன வேற எடுத்து வச்சிருக்காங்க, யாருக்கு எப்ப வரும்னு பகவானுக்கே தெரியாது. அடுத்து ஞோக்கு, க்ளீவ்லேண்ட். போன வருஷம் 11 மேட்ச்தான் ஆடினாரு, ஆனா மேட்ச்சுக்கு 10 பாயிண்ட் வந்துது, யாரும் கவனிக்கல. குவார்ட்டர்பேக் ஃப்ளாக்கோ திரும்ப வந்திருக்காரு, 2023 டிசம்பர்ல அந்த ரெண்டு பேரும் சேர்ந்து பண்ண கூத்து ஞாபகம் இருக்கறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம்.

லாட்டரிக்கு டைலர் வாரன், இண்டியானாபொலிஸ், ரூக்கி, என்எஃப்எல் டிராஃப்ட்ல 14-வது பிக். பென் ஸ்டேட்ல போன வருஷம் 104 கேட்ச், 1,233 யார்டு, பால குடுத்து ஓடவும் விட்டாங்க. ரூக்கி டைட் எண்டுக்கு பாயிண்ட் வராதுன்னு பழைய பழமொழி ஒண்ணு இருந்துது, அது பிட்ஸ், லபோர்ட்டா, பவர்ஸ்னு வரிசையா உடைஞ்சு போச்சு. சிகாகோ லவ்லேண்ட் அதுக்கும் முன்னாடி 10-வதா போனாரு, ஆனா அந்த டீம்ல பால் பங்கு போட ஆள் அதிகம், அதனால எனக்கு வாரன்தான்.

---

நாச்சியார்_நியூஜெர்சி

பிட்ஸையும் பவர்ஸையும் ஒண்ணா வைக்காதீங்க பாண்டியன். பிட்ஸ் 68 கேட்ச், பவர்ஸ் 112. தூரமா எறியறத பிடிச்சு யார்டு சேக்கறவனுக்கும் வாரா வாரம் ஆறு ஏழு கேட்ச் பிடிக்கறவனுக்கும் வித்தியாசம் இல்லையா? கேட்ச் எண்ணிக்கை சீக்கிரம் ஆவியாகாது.

உங்க லாட்டரி முறைல ஒரு செலவு இருக்கு, நீங்க எழுதல. பெஞ்ச் 6 தான் அவருக்கு. ரெண்டு டைட் எண்ட் வச்சா ஒரு பெஞ்ச் இடம் போச்சு, செப்டம்பர்ல வேவர்ல ரன்னிங் பேக் கொட்டும்போது யாரத் தூக்கறதுன்னு தலைய பிச்சுக்கணும். அதுவும் இல்லாம ஜோனு ஸ்மித் கதைய எல்லாரும் சொல்றீங்க, அதே வருஷம் வேவர்ல எடுத்து மூணு பாயிண்ட் குடுத்துட்டுப் போன இருபது பேர் கதைய யாரும் சொல்றதில்ல.

---

பெஞ்ச்_பாண்டியன்

அக்கா அந்த இருபது பேர்ல பதினேழு பேர் என் டீம்ல இருந்தாங்க, அதான் சொல்லல.

---

வேவர்_வைத்தி

ரெண்டு பேரும் சண்டை போடுங்க, தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு நான் தூங்கப் போறேன்.

டிராஃப்டுக்கு முன்னாடி பேர் எழுதி வைக்காதீங்க, விலை எழுதி வைங்க. பவர்ஸ் 16-ல வேணாம். கிட்டில் 33 இல்ல 40. அது போச்சுன்னா 64 வரைக்கும் இந்த பொசிஷன் பக்கமே திரும்பாதீங்க, முக்கியமா 40-க்கும் 57-க்கும் நடுவுல யாராவது டைட் எண்டா எடுத்துத் தள்ளுவான், அத பாத்து கை நடுங்கி ரீச் பண்ணாதீங்க (விலைக்கு மீறி முன்னாடியே எடுக்காதீங்க). ஒருத்தன் எடுத்தா வரிசையா நாலு பேர் எடுப்பான், எங்க லீக்ல வருஷா வருஷம் நடக்குது, அந்த நாலாவது ஆளா மட்டும் இருக்காதீங்க.

லபோர்ட்டா மேல உங்களுக்கு கோவம் இருக்கும். ஆனா போன வருஷம் அவர் பண்ண 9 பாயிண்ட் மூணாவது ரவுண்டுக்குதான் கேவலம். அதே 9 பாயிண்ட் ஆறாவது ரவுண்டுல கிடைச்சா வயசு 24, டெட்ராய்ட் ஆஃபென்ஸ், மேல போக இடம் இருக்கு. ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டர் பென் ஜான்சன் சிகாகோ போயிட்டாரு, அது ஒரு கேள்விக்குறிதான், அந்தக் கேள்விக்குறி இருக்கறதாலதான் விலை எறங்கியிருக்கு. ஆள மறந்துட்டு விலைய பாருங்க.

கெல்சிய அந்த அம்மா மூணாவது ரவுண்டுல எடுத்தா கை தட்டுங்க. 97 கேட்ச்ல 823 யார்டு, ஒரு கேட்சுக்கு எட்டரை யார்டு, 3 டச்டவுன். கெல்சி டீம் ரிசீவர் ரைஸுக்கு 6 மேட்ச் சஸ்பென்ஷன் நேத்து வந்துருச்சு, அதனால ஆரம்பத்துல பால் நிறைய வரும், அது உண்மை. ஆனா அவங்களுக்கு வேண்டியது பாயிண்ட் இல்ல, கல்யாணப் பத்திரிகை.

---

தயிர்சாதம்_டாலஸ்
செப்டம்பர் 1, திங்கள், ராத்திரி

டிராஃப்ட் முடிஞ்சுது. நடந்தத சொல்றேன்.

9-ல அமோன்ரா செயின்ட் பிரவுன். இது வரைக்கும் சந்தோஷம். 16 வந்துது, பவர்ஸ் இருக்காரு, 90 செகண்ட் ஓடுது, மனசுக்குள்ள நாச்சியார் அக்கா ஒரு பக்கம் வைத்தி அண்ணன் ஒரு பக்கம், கடைசி 10 செகண்ட்ல ரன்னிங் பேக் ஜாஷ் ஜேக்கப்ஸ எடுத்தேன். 17-வது ஆளு பவர்ஸ எடுத்துட்டு சாட்ல எனக்கு நன்றி சொன்னான். அந்த அம்மா சொன்ன மாதிரியே கெல்சிய மூணாவது ரவுண்டுல எடுத்தாங்க, யாரும் சிரிக்கல, போன வருஷம் சாம்பியன் அவங்கதான்.

33-க்கு ரெண்டு பிக் முன்னாடி கிட்டில் போயிட்டாரு. வயித்துல கல்லு விழுந்த மாதிரி இருந்துது. அங்க டீ ஹிக்கின்ஸ் எடுத்தேன், 40-ல ஒரு ரன்னிங் பேக். அப்புறம் வைத்தி அண்ணன் சொன்னது அப்படியே நடந்துது, 50-லேருந்து மூணு டைட் எண்ட் அடுத்தடுத்து போச்சு, ஆண்ட்ரூஸ், ஹாக்கின்சன் எல்லாம். எனக்கு கை நடுங்குச்சு, ஆனா 57-ல ரிசீவர்தான் எடுத்தேன், சத்தியமா.

64-ல ஸ்கிரீன்ல மேல நிக்கறது யாருன்னு நெனைக்கறீங்க.

எடுத்துட்டேன். சாம் லபோர்ட்டா, ஆறாவது ரவுண்டு. ஆபீஸ் சாட்ல சிரிப்பு இன்னும் நிக்கல, டீம் லீட் லபோர்ட்டாவுக்கு இரங்கல் செய்தி போட்டிருக்காரு. கடைசி ரவுண்டுக்கு முந்தினதுல டைலர் வாரன் இருந்தாரு, பாண்டியன் அண்ணன் நினைவா அவரையும் எடுத்து பெஞ்ச்ல உக்கார வச்சிருக்கேன்.

---

வேவர்_வைத்தி

நல்ல டிராஃப்ட். 16-ல ஜேக்கப்ஸ், 64-ல லபோர்ட்டா, இத விட என்ன வேணும்.

---

நாச்சியார்_நியூஜெர்சி

பவர்ஸ விட்டதுக்கு நவம்பர்ல வந்து பேசறேன்.

அது இருக்கட்டும், அமோன்ரா டெட்ராய்ட், லபோர்ட்டாவும் டெட்ராய்ட். ரெண்டு பேருக்கும் பை 8-வது வாரம், அன்னிக்கு மொத்தம் ஆறு டீமுக்கு லீவு, வேவர்லயும் ஒண்ணும் இருக்காது. பாத்துட்டுதானே எடுத்தீங்க?

---

தயிர்சாதம்_டாலஸ்

பாக்கல.

---

பெஞ்ச்_பாண்டியன்

வாரனுக்கு பை 11 தம்பி, 8-வது வாரம் அவன் ஆடுவான். இதுக்குத்தான் ரெண்டு டைட் எண்ட் வச்சுக்கன்னு சொன்னேன். (இதுக்காக சொல்லல, ஆனா சொன்னேன்னு வச்சுக்கோங்க.)